மத்தியானத்துக் கோப்புகள்

முத்துசுப்பிரமணியன் வீட்டுக் கம்ப்யூட்டர் குட்டி போட ஆரம்பித்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், தை மாசத்தில். பூனை என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு, பரண் மறைவு உண்டு, கண் திறந்ததும் தெருவாருக்கு விநியோகம் உண்டு. இது அப்படியில்லை. தினம் போட்டது. போட்டதெல்லாம் ஒரே ஜாடை. பெயருக்கு முன்னால் புழு நெளிந்தாற்போல் ஒரு கோடு, அப்புறம் புரியாத மூன்று இங்கிலீஷ் எழுத்து, ஒரு எண், வாலில் டி.எம்.பி. என்று ஒரு முத்திரை.

தற்காலிகக் கோப்பாம். வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் தனக்கென்று எழுதி வைத்துக்கொள்ளும் கிறுக்கல். வேலை முடிந்து முறையாக நிறுத்தினால் தானே கிழித்துப் போட்டுவிடும். கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைக் கல்யாணம் முடிந்ததும் பிரிக்கிற மாதிரி. அந்த வீட்டில் கல்யாணம் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. பந்தல் மட்டும் தினம் ஒன்று நின்றது.

முத்துசுப்பிரமணியனுக்கு இது பொறுக்கவில்லை. பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். சேரன்மகாதேவியில் அவர் வீட்டு வாசலில் செருப்புகள்கூட இணைகோடுகளாகத்தான் நிற்கும். யாரோ ஒரு விருந்தாளி செருப்பைக் கோணலாகக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் அது தானாகவே நேராகிக்கொண்டது என்று தெருவில் சொல்வார்கள். பொய் சொல்ல மாட்டார். பொய் சொன்னால் மறுநாளிலிருந்து சாமான்கள் கீழே விழுவதை நிறுத்திவிடும் என்கிற பயம் அவருக்கு உள்ளூர இருந்தது.

கம்ப்யூட்டர், மகன் ஜெயராம் நியூஜெர்சிக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. அப்பா பௌதிகக் கேள்விகளைத் தொகுத்துப் புத்தகம் போடட்டும் என்று வேர்டு போட்டுக் கொடுத்திருந்தான். அம்மா கோமுவுக்காகத் தமிழ் எழுத்தும் ஏற்றியிருந்தான், பழைய டைப்ரைட்டர் முறையில். கோமு கல்யாணத்துக்கு முன்னாலேயே தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்தவள். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தாள். ஜட்ஜ் தீர்ப்பை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடித்து முடித்துவிடுவாள், ஜட்ஜ் அதை எட்டிப் பார்த்துவிட்டு அதையே தீர்ப்பாகச் சொன்னதும் உண்டு என்பது கோர்ட் வட்டாரத்துச் செய்தி. ஜெயராம் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தபோது, "எல்லாம் சரி, இதுல பேப்பரை எங்கடா சொருகறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அதோடு அவள் அதைத் தொட்டதாக யாரும் பார்க்கவில்லை.

அந்த வருஷம் அந்த வீட்டில் துப்புத் துலக்க வேண்டிய விஷயம் இரண்டு இருந்தது. ஒன்று இந்தக் கோப்பு. இன்னொன்று கோமு.

அதற்கு முந்தின மார்கழியில் ஒரு நாள் ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. அது யாருக்கும் விழும். அப்புறம் கோவிலுக்குப் போனவள் தெரு மாறி வாய்க்கால் கரைக்குப் போய்விட்டாள். பால்காரியை, செத்துப்போன தன் அக்கா பெயர் சொல்லி அழைத்து, "எப்போ வந்தே?" என்று கேட்டாள். பால்காரி நல்லவள். "இப்பதாம்மா" என்றாள்.

இதில் அவசரம் என்னவென்றால் கோமுவுக்கு வைகாசியில் அமெரிக்காவுக்கு டிக்கெட். மருமகள் ப்ரீதா உண்டாகியிருந்தாள். ஆனியில் பிரசவம். ப்ரீதாவுக்கு அம்மா இல்லை. ஆகவே பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைப்பதும், பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் கோமுவின் பொறுப்பு. ஜெயராம் வேலைக்குப் போய்விடுவான். வீட்டில் எழுந்திருக்க முடியாத ஒருத்தி, கண் திறக்காத ஒன்று, அப்புறம் கோமு.

அவள் கையில் குழந்தையைக் கொடுக்கலாமா? கேள்வி இவ்வளவுதான். முத்துசுப்பிரமணியன் தன் ஆயுளில் எந்தக் கேள்வியையும் விட்டதில்லை. இதை விட்டுவிட்டார். கோப்பைப் பிடித்துக்கொண்டார்.

பாளையங்கோட்டையிலிருந்து ஜோன்ஸ் வந்தான். அவருடைய பழைய மாணவன், பூர்வீகம் புன்னக்காயல். ரேடியோ ரிப்பேரில் தொடங்கி டி.வி. வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்தவன். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. எந்த வியாதிக்கும் அவனிடம் ஒரே மருந்துதான், உள்ளே இருப்பதை எல்லாம் ஒரே அடியாகத் துடைத்துவிடுகிற ஃபார்மட். அவன் கடையில் ஒருத்தர் கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு அதையும் ஃபார்மட் அடித்து வாங்கிக்கொண்டு போனார் என்றும், அன்றிலிருந்து அது பன்னிரண்டு மணியை மட்டும் காட்டியது என்றும் கேள்வி.

"வைரஸ் சார்" என்றான் ஜோன்ஸ், உட்காரும் முன்னாலேயே.

"எதை வச்சுவே சொல்லுதீர்?"

"பிறந்த நேரத்தைப் பாருங்க. எல்லாம் மத்தியானம். ஒண்ணுகூட காலைல இல்ல, சாயங்காலம் இல்ல."

"மத்தியானத்துல மட்டும் வேலை பார்க்கற வைரஸா?"

"கவர்மெண்டு வைரஸா இருக்கும் சார். காலைல வந்து கையெழுத்துப் போட்டுட்டு வெளிய போயிரும். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் சீட்டுல உக்காரும்."

கோமு காப்பி கொண்டுவந்தாள். "யாரு, ஜோன்ஸா? அம்மா சௌக்கியமா இருக்காளா?"

"சௌக்கியமா இருக்காங்கம்மா."

"கருவாட்டுக் கடைக்குப் பக்கத்துலதானே வீடு? மூக்கைப் பிடிச்சுண்டாவது ஒரு நாள் வரேன்னு சொல்லு."

ஜோன்ஸ் சிரித்தான். கோமுவும் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். சற்று நேரத்தில் இன்னொரு டம்ளர் காப்பியோடு வந்தாள். "யாரு, ஜோன்ஸா? அம்மா சௌக்கியமா இருக்காளா?"

"சௌக்கியமா இருக்காங்கம்மா" என்றான் ஜோன்ஸ், முதல் தடவை கேட்கிறவன் மாதிரி. இரண்டாவது காப்பியையும் குடித்தான். முத்துசுப்பிரமணியன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையில் அப்போது ஒன்றுமே இல்லை.

அப்புறம் அவர் சோதனைகளில் இறங்கினார். இருந்த குட்டிகளை எல்லாம் அழித்துப் பார்த்தார். மறுநாள் ஒன்று பிறந்திருந்தது. ஒரு நாள் பூராவும் தான் கம்ப்யூட்டரைத் தொடாமல் இருந்து பார்த்தார்; பிறந்திருந்தது. எலி மேல் சந்தேகம் வந்து, கீபோர்டின் மேல் மைதா தூவி வைத்தார். மறுநாள் மைதா துப்புரவாகத் துடைக்கப்பட்டு, கீபோர்டின் மேல் ஒரு துணி மடித்துப் போர்த்தியிருந்தது. எலி சுத்தக்காரி போலிருக்கிறது என்று ஜோன்ஸ் போனில் அபிப்பிராயப்பட்டான்.

கடைசியில், சாப்பிட்டுத் தூங்கப் போகும்போது அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவருடைய மத்தியானத் தூக்கம் பிரசித்தம். ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து தெருவில் பரிசல் விட்டபோது, கட்டிலோடு இரண்டு வீடு தள்ளிப் போய் அங்கேயே தூக்கத்தை முடித்துக்கொண்டு எழுந்தவர்.

அன்று விழித்துப் பார்த்தால் கோமு அந்த அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"சாவி எங்கேன்னா?"

"எதுக்கு?"

அவள் யோசித்தாள். கதவைப் பார்த்தாள். விரல்கள் மடியில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. "எதுக்கோ கேட்டேனே" என்றாள்.

அன்று கோப்பு பிறக்கவில்லை.

பத்தாம் வகுப்புப் பையன்கூட இதிலிருந்து விடையைச் சொல்லிவிடுவான். முத்துசுப்பிரமணியன் சொன்ன விடை வேறு. அறை பூட்டியிருந்ததால் காற்றோட்டம் இல்லை, காற்றோட்டம் இல்லாததால் ஈரப்பதம் மாறிவிட்டது, ஈரப்பதத்துக்கும் கோப்புக்கும் தொடர்பு இருக்கிறது. இதை அவர் ஜோன்ஸிடம் போனில் விளக்கினார். ஜோன்ஸ் "சரிங்க சார்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயராம் பேசினான்.

"அம்மா எப்படிப்பா இருக்கா?"

"நன்னா இருக்கா. ஊறுகாய் போட்டாச்சு. பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டா."

"போன வாரம் ஒரே விஷயத்தை மூணு தடவை கேட்டாளேப்பா."

"வெளிநாட்டு லைன்டா. எதிரொலி வரும். ஒலி பிரதிபலிக்கிறதைப் பத்தி உனக்கு நான்தானே நடத்தினேன்?"

போனை வைத்துவிட்டு, மேஜை மேலிருந்த பேனாவைக் கையில் எடுத்துக் கீழே போட்டுப் பார்த்தார். விழுந்தது.

பங்குனியில் கம்ப்யூட்டர், இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டது. சின்ன டிஸ்க். பாதியை ஜெயராமின் விளையாட்டுகள் அடைத்திருந்தன. மறுபடியும் ஜோன்ஸ் வந்தான், ஃபார்மட் பண்ணுகிற முகத்தோடு.

"வேண்டியதை எல்லாம் ஃபிளாப்பியில எடுத்துருவோம் சார். மிச்சத்தை ஒரே அடி."

"அதுக்கு முன்னாடி அந்தக் குட்டிகள்ல ஒண்ணைத் தொறந்து காட்டும். உள்ளே என்னதான் இருக்குன்னு பார்த்துருவோம்."

திறந்தான். இங்கிலீஷ் எழுத்தும், அரைப்புள்ளியும், அடைப்புக்குறியும், எறும்புப் புற்றை மிதித்துவிட்டாற்போல் திரை முழுக்க ஓடிக் கிடந்தன.

"பாத்தீங்களா? வைரஸ் பேசுத பாஷை."

"இன்னொண்ணைத் தொறவும்."

அதிலும் எறும்பு. இன்னொன்றிலும் எறும்பு. முத்துசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "முதல் வரியைப் பாரும். மூணுலயும் ஒரே மாதிரி இருக்கே. பைத்தியக்காரன்கூட தினம் ஒரே உளறலை உளற மாட்டான்வே."

ஜோன்ஸ் மோவாயைத் தடவினான். கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறவன் என்பதால் அவனுக்கு ஒன்று தோன்றியிருக்க வேண்டும். எழுத்து முழுவதையும் ஒரே இழுப்பில் கறுப்பாக்கி, மேலே பட்டியலில் போய்த் தமிழ் எழுத்தைத் தட்டினான்.

எறும்பெல்லாம் அப்படியே நின்று தமிழாயிற்று.

முதல் வரி: யளனகப யளனகப யளனகப யளனகப.

தமிழ் டைப்பிங்கில் முதல் பாடம் அது. பாட்டுக்காரர்கள் கச்சேரிக்கு முன்னால் தொண்டையைச் சரிபண்ணிக்கொள்வதுபோல, பழைய டைப்பிஸ்டுகள் தினம் வேலை தொடங்கும் முன் அந்த வரியை அடித்து விரலை உதறிக்கொள்வார்கள். கோர்ட்டில் இருந்த காலம் முழுக்க கோமு அதைச் செய்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மடியில் அவள் விரல் அடிப்பதும் அதுதான். முத்துசுப்பிரமணியனுக்குத் தமிழில் ஒரு எழுத்து அடிக்கத் தெரியாது. அந்த வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை.

"நீரே படியும்" என்றார் அவர்.

தையில் பிறந்த கோப்பு ஒன்றை ஜோன்ஸ் படித்தான். ஓரம் விட்டு, தலைப்புக்குக் கோடு போட்டு, கோர்ட் காகிதம் மாதிரி இருந்தது.

"சௌபாக்கியவதி ப்ரீதாவின் பிரசவத்துக்கு வேண்டியவை. சமீபமாக எனக்கு மறதி வருகிறது. அங்கே வந்து தடுமாறக் கூடாது என்பதற்காக, மறக்கும் முன் அடித்து வைக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. பயப்படுவார்."

ஜோன்ஸ் நிறுத்தினான். அவர் மேலே படி என்று கையை ஆட்டினார். லேகியத்துக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், இன்னது இவ்வளவு. வறுக்கிற பக்குவம். பாகு பதம். பத்தியத்துக்கு எது ஆகும், எது ஆகாது. குழந்தையைக் குளிப்பாட்டும் முறை: வெந்நீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்து, அப்புறம்தான் காலில் போட வேண்டும்.

மறுநாள் கோப்பிலும் அதே தலைப்பு, அதே முதல் வரி. அதற்கு மறுநாளும். நேற்று அடித்தது அவளுக்கு நினைவில்லை. தினம் மத்தியானம் அவர் தூங்கியதும் வந்து உட்கார்ந்து, மறக்கும் முன் அடித்து வைக்க வேண்டும் என்று புதிதாக முடிவு செய்து, புதிதாக ஆரம்பித்திருக்கிறாள். முடித்ததும் டைப்ரைட்டரை விட்டு எழுந்திருப்பதுபோல எழுந்து, துணியைப் போர்த்தி, கரண்டு வீணாகக் கூடாதென்று சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். டைப்ரைட்டருக்கு அது போதும். சேமிக்கிறதாவது, மூடுகிறதாவது. அடித்தால் அடித்ததுதான்.

"மாசியில உள்ளதைத் தொறவும்."

மாசியில் திப்பிலி இல்லை. சுக்கு இரண்டு இடத்தில் வந்தது. ஓரம் இல்லை, கோடு இல்லை. யளனகப மட்டும் நாலு வரி, அஞ்சு வரி என்று பெருகியிருந்தது. விரலுக்குத் தெரிந்ததை அடித்துக்கொண்டே மனசு வருமா என்று காத்திருந்த மாதிரி.

"போன வாரத்துது."

ஜோன்ஸ் திறந்தான். வாய்க்குள்ளேயே படித்தான்.

"உரக்கப் படியும்வே."

"யளனகப..."

"அதை விடும். கீழே."

"வெந்நீரைக் கொதிக்கவிட்டு..." ஜோன்ஸின் குரல் இறங்கியது. "கொதிக்கவிட்டு இறக்கி, குழந்தையைக் காலில் போட்டு... சார்."

"படியும்."

"நடுவுல விளாவுறது இல்ல சார்."

முத்துசுப்பிரமணியன் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து டம்ளர் சத்தம் வந்தது. கோமு காப்பியோடு வந்து நின்றாள். "யாரு, ஜோன்ஸா? அம்மா சௌக்கியமா இருக்காளா?"

"சௌக்கியமா இருக்காங்கம்மா."

அவள் போனதும் அவர் கேட்டார். "உம்ம அம்மா பிலோமினா போய் வருஷம் ஒண்ணு ஆகியிருக்குமேவே. நான்தானே புன்னக்காயலுக்கு வந்து மாலை போட்டேன்?"

"ஆமா சார்." ஜோன்ஸ் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஐப்பசியில வந்தப்ப அம்மா கேட்டாங்க, சொன்னேன். அழுதாங்க. காப்பி போட்டுட்டு வந்து மறுபடி கேட்டாங்க. மறுபடி சொன்னேன். மறுபடி அழுதாங்க, புதுசா. மூணாவது தடவை எனக்கு மனசு வரல."

"அப்போ உமக்கு அப்பவே தெரியும்."

"உங்களுக்கும் தெரியும்னுதான் சார் நெனச்சேன்."

அவர், தையில் அடித்ததை மட்டும் காகிதத்தில் எடுத்துக் கொடுக்கும்படி சொன்னார். அதை ப்ரீதாவுக்குத் தபாலில் அனுப்பினார். மற்றதை என்ன செய்ய என்று ஜோன்ஸ் கேட்டதற்கு, "இடம் வேணும்னா என் கேள்விகளை அழிச்சுடும்" என்றார். அன்றைக்கு ஃபார்மட் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயராம் பேசினான். கோமு பக்கத்தில் கொத்தமல்லி விதை புடைத்துக்கொண்டிருந்தாள், அமெரிக்காவுக்குக் கொண்டுபோக.

"ஜெயராம், அம்மாவை அனுப்ப முடியாதுடா."

"என்னப்பா சொல்றேள்?"

"எனக்கு நெஞ்சுல கோளாறு. டாக்டர் தனியா இருக்கக் கூடாதுன்னுட்டார். அம்மா என் கூட இருந்தாகணும்."

அறுபத்தேழு வயசில், ஒத்திகை இல்லாமல் சொன்ன பெரிய பொய். எதிரொலி என்று சொன்னது இதற்கு முன்னால் ஒரு தூசு. அந்தப் பக்கம் ஜெயராம் முதலில் பதறினான், எந்த டாக்டர், என்ன மருந்து என்று கேட்டான். இவருக்கு மருந்துப் பெயர் எதுவும் தெரியவில்லை. தடுமாறினார். ஜெயராமுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உங்களுக்கு வேளைக்குக் காப்பி கிடைக்காதுன்னுதானே அப்பா?" என்று கேட்டான். "ப்ரீதாவுக்கு யாருமே இல்லைன்னு தெரிஞ்சும் இப்படிப் பண்றேளே. எப்பவும் உங்க சௌகரியம்தான்."

"ஆமாம்னு வச்சுக்கோ" என்றார்.

முறம் கீழே விழுந்திருந்தது. கோமு எழுந்து நின்றாள். "நாப்பது வருஷமா ஒரு தலைவலின்னு படுத்ததில்லை. இப்போன்னு பார்த்து நெஞ்சுவலியா? எனக்கு என்ன, உங்களுக்குப் பொங்கிப் போட்டே சாகணும்னு எழுதியிருக்கா? தாயில்லாத பொண்ணு அது!"

கோமு அன்று அவருக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கோபம் எங்கேயோ போய், பயம் வந்தது. சட்டைப் பித்தானை அவிழ்த்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். "இப்போ வலிக்கறதா?" என்று கேட்டாள். அவருக்கு உண்மையாகவே வலித்தது.

மறுநாள் காலையில் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, "டிக்கெட் என்னிக்குன்னா?" என்றாள்.

மறுபடி சொன்னார். மறுபடி முழுக் கோபம், முழுப் பயம், நெஞ்சில் கை. இப்படி வைகாசி முடியும் வரைக்கும். ஒரே மனுஷனுக்கு அத்தனை நாள் முதன்முதலாக நெஞ்சுவலி வந்தது சேரன்மகாதேவியில் அவருக்குத்தான். சில நாள் சண்டையில் அவள் சொன்ன வார்த்தைகள் முந்தின நாளைவிட நன்றாக இருந்தன. சில நாள் பாதியில் நின்று, எதற்குக் கோபித்துக்கொண்டோம் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். மத்தியானங்களில் அவர் தூங்குவதை விட்டுவிட்டார். அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவள் யளனகப அடிப்பாள். இப்போதெல்லாம் அதற்குக் கீழே வேறு வரி வருவதில்லை.

ஆனியில் குழந்தை பிறந்தது. பெண். ப்ரீதாவின் சித்தி ஒருத்தி போயிருந்தாள். ஜெயராம் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னான். கோமு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "பேத்தியா! பேத்தியா!" என்று வீட்டைச் சுற்ற முயன்றாள். ஒயர் நீளம் போதவில்லை. தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

மறுநாள் காலையில், "ப்ரீதாவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டாள்.

"பெண் குழந்தை பிறந்திருக்கு கோமு."

"ஐயோ, எப்போ?" மறுபடியும் சர்க்கரை டப்பா. அன்றிலிருந்து அந்த வீட்டில் தினம் காலையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தெருக்காரர்கள் சர்க்கரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, தினமும் யார் ஜாடை என்று விசாரித்தார்கள்.

ஆனால் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே இன்னொரு கேள்வி வரும். "யார் பார்த்துக்கறா? நான் போகலையா?" இல்லை என்றால் அந்த முகம் அணைந்துவிடும். ஒவ்வொரு காலையும் அது அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் சொன்னார்.

"போனியே. நீதானே எல்லாம் பண்ணினே. போன வாரம்தான் வந்தே."

"நானா?"

"பின்னே? பிளேன்ல உனக்கு ஜன்னல் சீட். பைலட் வெளியில வந்து, 'மாமி, உங்க ஊறுகாய் வாசனையில எனக்கு ரோடு தெரியலை'ன்னான்."

கோமு சிரித்தாள். அவருக்குப் பொய் கைவந்துவிட்டது. ஆயுள் முழுக்கப் பேசாத பொய் எல்லாம் உள்ளே வட்டி போட்டு வளர்ந்திருக்கும்போல, தினம் ஒன்று வந்தது. நடுக் கோடையில் பனி பெய்தபோது அவள் கோலமாவு என்று நினைத்து அள்ளிக் கோலம் போட்டாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி அவள் கிண்டிய லேகியத்தில் இரண்டு உருண்டை கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, மறுநாள் மார்பில் பால் கட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவளுக்கு வயசு எழுபத்திரண்டு. கோமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். ஆடி மாசம் முழுக்க அந்த வீட்டில் காலைவேளை நன்றாகவே போயிற்று.

ஆவணியில் ஒரு நாள், அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புடவையை முழங்கால் வரைக்கும் லேசாக விலக்கி, தன் இரண்டு காலையும் பார்த்தாள்.

"குழந்தையைக் கால்ல போட்டுண்டேனா?"

"போட்டுண்டியே. தினமும்."

"கனமா இருந்துதா?"

"ஏழு பவுண்டு."

"அதைக் கேட்கலை. எனக்கு எப்படி இருந்துது?"

முத்துசுப்பிரமணியனிடம் அதற்குக் கதை இல்லை. கோமு உள்ளங்கையை விரித்து, கெண்டைக்காலை மேலிருந்து கீழே பையத் தடவினாள். ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று தேடுவதுபோல. அவள் உதடு கோணியது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே. பேத்தியைத் தொட்டதுகூடவா மறந்துபோச்சு? எல்லாம் போகட்டும். கோர்ட்டு போகட்டும், கோவிலுக்கு வழி போகட்டும். இதைக்கூடவா பகவான் என்கிட்டேர்ந்து எடுத்துண்டான்?"

அவள் அழுதாள். அவர் நாற்பது வருஷத்தில் பார்க்காத அழுகை. தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கையைப் பிடித்தார்.

"கோமு. நீ போகலை."

அவள் காதில் அது விழவில்லை.

"கோமு, இங்கே பார். நான் சொன்னதெல்லாம் பொய். பிளேனும் பொய், வெள்ளைக்காரியும் பொய். நீ அமெரிக்காவே போகலை. நான்தான் உன்னை அனுப்பலை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

அழுகை நின்றது. ஈரமான முகத்தோடு அவரை உற்றுப் பார்த்தாள். இனி கோபம் வரும், எத்தனை வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நிஜமாவா?"

"நிஜம்."

"போகவே இல்லையா நான்? குழந்தையை நான் பார்க்கவே இல்லையா?"

"பார்க்கலை கோமு."

கோமு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூச்சு ஒன்றை நீளமாக விட்டாள். நீட்டியிருந்த காலின் மேல் புடவையை இழுத்து மூடினாள்.

"அப்பாடா" என்றாள். "அப்போ நான் மறக்கலை."